ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பத்தொரு மணி நேரம்

"இருநூத்திப் பதினாறு டிரைவருக்கு ட்யூட்டி போடுறவ நான். என் ஒருத்திக்கு நான் போட்டுக்க மாட்டேனா?"

இந்த வாசகம் பேருந்து டிப்போவின் தேநீர் மேசையில், காலை பத்தே காலுக்கு, எட்டுப் பேர் சாட்சியாகச் சொல்லப்பட்டது. சொன்னவர் சார்ட் மேடம். சாட்சிகளில் மூவர் டிரைவர்கள், இருவர் மெக்கானிக்குகள், இருவர் யாரென்றே தெரியாது, தேநீருக்காக வந்தவர்கள். எட்டாமவர் ஸ்டோர் கீப்பர். வாசகம் வீசப்பட்டது அவர் மேல்தான்.

அவர் செய்த குற்றம் சிறியது. "மேடம், பரீட்சைக்குப் படிக்க டைம்டேபிள் வேணும்னா நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். பல் மருத்துவரிடம் போய், உங்கள் பல்லை நான் பிடுங்கட்டுமா என்று கேட்பதற்கு நிகரான கேள்வி அது.

சார்ட் மேடத்தின் பெருமையை அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிப்போவில் நூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகள். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பார், யாருக்கு எப்போது ஓய்வு என்பதெல்லாம் ஒரு பெரிய தாளில் பென்சிலால் எழுதப்படும். அந்தத் தாள்தான் சார்ட். பதினான்கு வருடமாக அதை எழுதுகிறவர் இவர். தாளின் அடியில் 'ஸ்பேர்' என்று ஒரு வரிசை உண்டு. அதில் ஆறு டிரைவர்கள். அவர்களுக்கு வேலை காத்திருப்பது. யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது வயிற்றுவலி, யாருக்காவது மாமனார் வந்துவிட்டார் என்றால் விடியற்காலையில் மேடத்துக்குப் போன் வரும். மேடம் கண்ணை மூடியபடியே, "மூணாவது ஸ்பேரைப் போடு" என்பார். வண்டி கிளம்பிவிடும். பதினான்கு வருடத்தில் ஒரு வண்டிகூட ஆளில்லாமல் நின்றதில்லை. இதை மேடமே நேரம் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார். நேரம் கிடைக்காதபோதும் சொல்வார்.

இந்தச் சாம்ராஜ்யத்தில் ஒரே ஒரு அவமானம் இருந்தது. சார்ட் எழுதுகிறவர் தன்னுடைய வரியைத் தானே எழுதக் கூடாது என்பது டிப்போவின் விதி. இவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பெருமகன் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தனக்கே ஓய்வு எழுதிக்கொண்டு, ஒரே வருடத்தில் மூன்று முறை தாத்தாவைப் பறிகொடுத்தார். அதிலிருந்து சார்ட் எழுதுகிறவரின் ஷிப்டையும் ஓய்வையும் எழுதும் பொறுப்பு ஸ்டோர் கீப்பருக்குப் போனது. வெள்ளிக்கிழமை மாலை அவர் வந்து, நட்டும் போல்ட்டும் தொட்ட கையால் ட்யூட்டி ரிஜிஸ்டரை எடுத்துப் போவார். கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் ஒரு வரி எழுதி, விரல் அடையாளத்தோடு திருப்பி வைப்பார். மேடம் அதைக் கசப்பு மருந்துபோல் விழுங்கிக்கொள்வார்.

இனி பரீட்சை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. முதல் பத்தி: அடுத்த வருடத்திலிருந்து சார்ட்டைக் கணினியே போட்டுக்கொள்ளும். இரண்டாவது பத்தி: ஒவ்வொரு டிப்போவிலிருந்தும் ஒருவரை முழுச் சம்பளத்தோடு இரண்டு வருட மேலாண்மைப் பட்டப்படிப்புக்கு அனுப்புவோம், திரும்பி வந்தால் துணை மேலாளர் பதவி. அதற்கு நுழைவுத் தேர்வில் எண்ணூறுக்கு அறுநூறு வாங்க வேண்டும், வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும். மேடத்துக்கு நாற்பது முடியப் பரீட்சை தேதிக்குப் பிறகு ஆறே வாரம். டிப்போவில் விண்ணப்பித்தவரும் அவர் ஒருவர்தான். ஆக, அறுநூறு வந்தால் துணை மேலாளர். வராவிட்டால்? மூன்றாவது பத்தி அதையும் பரிவோடு சொன்னது: தற்போது சார்ட் எழுதுவோர், தொலைந்த பொருட்கள் பிரிவுக்கு மாற்றப்படுவர்.

தொலைந்த பொருட்கள் பிரிவு டிப்போவின் பின்பக்கம், டயர் கிடங்குக்கு அடுத்து இருந்தது. ஜன்னல் கிடையாது. முந்நூறு குடைகள் இருந்தன. மேடம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு மழை பெய்தாலே அவருக்கு முகம் மாறியது.

பரீட்சைக்குப் பதினான்கு வாரம் இருந்தது. முதல் வாரம் திட்டம் போடப் போனது. இரண்டாவது வாரம் திட்டத்தைத் திருத்தப் போனது. டிப்போவிலிருந்து கொண்டுவந்த சார்ட் தாளில், நான்கு நிற பென்சிலில், பன்னிரண்டு வாரத்துக்கான பெருந்திட்டம் உருவாகி அலமாரிக் கதவில் ஏறியது. கணக்கு நீலம், மொழி பச்சை, தரவுப் பகுதி சிவப்பு, மாதிரித் தேர்வு கறுப்பு. விடியற்காலை நாலரை முதல் ஆறு வரை ஒரு ட்யூட்டி. மாலை ஏழு முதல் எட்டரை வரை ஒரு ட்யூட்டி. ஞாயிறு ஸ்பேர்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் கணவர் அதன் முன் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, கீழ ஒரு வரி இருக்கே. 'கணவர், டீ, நாலு இருபது.' அது யாரு?"

"நீங்கதான்."

"எனக்கு ஓய்வு நாள் எது?"

"பரீட்சைக்கு மறுநாள்."

பதிமூன்று வயது மகள் தன் வரியைத் தேடிக் கண்டுபிடித்தாள். அதில் 'சத்தம் கூடாது' என்று மட்டும் இருந்தது. அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

முதல் திங்கட்கிழமை நாலரை மணிக்கு மேடம் புத்தகத்தைத் திறந்தார். நாலு நாற்பதுக்குப் போன் வந்தது. ஒரு டிரைவருக்குக் காய்ச்சல். ஸ்பேர் போட்டார். நாலு ஐம்பதுக்கு இன்னொன்று. டிரைவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் நேரம் நாலரை முதல் ஆறு என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் மேடத்துக்குத் தெரியும். அவரே போட்ட திட்டத்தில்தான் அது விட்டுப்போனது. ஆறு மணிக்குப் பார்த்தால் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை.

மேடம் கலங்கவில்லை. நடக்காத ட்ரிப்பை ஸ்பேருக்குத் தள்ளுவது தொழிலின் பாலபாடம். திங்கட்கிழமை ஒன்றரை மணி நேரத்தை அழித்து ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதினார். செவ்வாய் மாலை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், அதுவும் ஞாயிறு. புதன்கிழமை கணக்கு முழுவதும் நடந்தது. வியாழன் பாதி நடந்தது. மீதிப் பாதி ஞாயிறு. ஞாயிறு வந்தபோது நடந்ததைவிட நடக்காதது அதிகமாக இருந்தது. அதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றினார். நான்கு நிறத்தில் அம்புக்குறி போட்டு மாற்றியதில், தாள் பார்க்கவே கம்பீரமாக ஆகிவிட்டது.

திட்டத்தின் ஆறாவது வாரம் கணவர் மறுபடியும் அலமாரி முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தொழில் தெரிந்தவர், முதலில் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டார்.

"ஏம்மா, இந்த ஞாயித்துக்கிழமைக்கு நாப்பத்தோரு மணி நேரம் போட்டிருக்கே."

"ஆமா."

"நாள் ஒண்ணுக்கு இருபத்துநாலுதானே?"

"ஏங்க, அது ஸ்பேருங்க. ஸ்பேர்ல போட்டா ஓடிடும். பதினாலு வருஷமா ஓடலையா?"

"அங்க ஸ்பேர்ல ஆறு பேரு இருக்காங்க. இங்க யாரு இருக்கா?"

மேடம் பென்சிலை எடுத்தார். 'கணவர்' வரியில் 'பேச்சு கூடாது' என்று சேர்த்தார்.

அந்த நாற்பத்தொரு மணி நேர ஞாயிற்றுக்கிழமையில்தான் முதல் மாதிரித் தேர்வும் நடந்தது. மகள் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் கணினி முன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தரவுப் பகுதியில் ஒருவகைக் கேள்வி உண்டு. ஒரு கேள்வியும் அதன் கீழே இரண்டு தகவல்களும் இருக்கும். விடை கண்டுபிடிக்க வேண்டாம். அந்தத் தகவல்களை வைத்து விடை கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். மற்றவர்கள் அரை நிமிடத்தில் தாண்டிப் போகிற இடம். மேடத்தால் முடியவில்லை. இரண்டு லாரிகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. தகவல் போதும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் தாளை எடுத்து லாரிகளின் வேகத்தைக் கண்டுபிடித்தார், சேரும் நேரத்தைக் கண்டுபிடித்தார், அதன் பிறகு டிரைவருக்கு நடுவில் ஓய்வே இல்லையே என்று கவலைப்பட்டார்.

"அம்மா, போதுமா போதாதான்னு மட்டும்தான் கேக்குறாங்க. டிக் பண்ணிட்டு வாங்க."

"போதும்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா ஆச்சா? அப்புறம் லாரியை யாருடி எடுக்கிறது?"

முப்பது கேள்விகளில் பதினான்காவதில் இருந்தபோது மகள் கடிகாரத்தை நிறுத்தினாள். திரையில் எண் வந்தது. நானூற்று முப்பது.

சமையலறையிலிருந்து கணவர், "எப்படிம்மா?" என்றார்.

"பரவாயில்ல, சுமாரா வந்திருக்கு" என்றார் மேடம். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளுடைய வரியைக் கண்ணால் காட்டினார். சத்தம் கூடாது.

நானூற்று முப்பது என்று எழுதிய தாளை வீட்டில் எங்கே வைப்பது? குப்பைக்கூடையைக் கணவர் பார்ப்பார். கைப்பையை மகள் பார்ப்பாள். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. எந்தப் பகுதியில் எவ்வளவு என்ற விவரம் அதில்தான் இருந்தது. திட்டத்தின் சிறு நகல் ஒன்றோடு சேர்த்து மடித்து, உலகத்தில் தன்னைத் தவிர யாரும் கைவைக்காத இடத்தில் மேடம் அதை ஒளித்தார். டிப்போவின் ட்யூட்டி ரிஜிஸ்டரில். வெள்ளிக்கிழமை ஒன்று வரும் என்பது நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் திரும்பி வந்தபோது தாளும் நகலும் உள்ளேயே இருந்தன. நகலின் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் கிரீஸ் விரல் ஒன்று பதிந்திருந்தது.

மேடம் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. ஸ்டோர் கீப்பரின் கம்பி வலை ஜன்னல் முன் போய் நின்றார். அவர் உள்ளே பிரேக் லைனிங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க பேப்பரைப் பிரிச்சுப் படிக்கிறது எந்த ஊர் நியாயம் சார்?"

"ரிஜிஸ்டர்ல இருந்துச்சு மேடம். ரிஜிஸ்டர்ல இருக்கிறதைப் படிக்கத்தானே சம்பளம் குடுக்கறாங்க."

"என் லைனை எழுதிட்டு மூடி வைக்கணும். அவ்வளவுதான் உங்க வேலை."

"சரிங்க மேடம். ஆனா ஒண்ணு. இந்தச் சார்ட்டை ஒரு டிரைவருக்குப் போட்டிருந்தீங்கன்னா, யூனியன்காரங்க வாசல்ல பந்தல் போட்டிருப்பாங்க." அவர் எண்ணுவதை நிறுத்தினார். "டிரைவருக்கு எட்டு மணி நேரம் ரெஸ்ட் இல்லாம நீங்க ட்யூட்டி போட மாட்டீங்க. இதுல ரெஸ்டே இல்ல. இந்த ஆளு எப்பத் தூங்கும்?"

"அது என் பாடு."

"முன்னாடி இருந்தவரு எல்லா ஞாயிறும் தனக்கு லீவு போட்டுக்கிட்டாரு. நீங்க ஒரே ஞாயித்துல நாப்பத்தோரு மணி நேரம் போட்டுக்கிட்டீங்க. எனக்கென்னவோ ரெண்டும் ஒரே வியாதியாத்தான் தெரியுது."

"உங்க பிரேக் லைனிங்கை எண்ணுங்க சார்."

"எண்ணிட்டுதான் இருந்தேன். நீங்க வந்ததுல மறந்துபோச்சு" என்று அவர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

மேடம் திரும்பி வந்து திட்டத்தைக் கடுமையாக்கினார். நாலரை மணி ட்யூட்டி நாலுக்கு வந்தது. எட்டரை பத்தரையானது. ஞாயிறு ஐம்பதைத் தொட்டது. கண்ணுக்குக் கீழே கறுப்பு பென்சிலால் வரைந்ததுபோல் கோடு விழுந்தது. டிப்போவில் அவர் எழுதும் சார்ட்டில் அழித்து எழுதிய இடங்கள் பெருகின. "அக்கா, எனக்கு ஒரே நேரத்துல ரெண்டு வண்டி போட்டிருக்கீங்க. ஒரு கால் அதுல, ஒரு கால் இதுலயா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியே வரக் கால் மணி நேரம் ஆனது.

திட்டத்தின் ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை. பரீட்சைக்கு இருபத்து நான்கு நாள். போன் தொல்லையைத் தீர்க்க மேடம் ஒரு முடிவெடுத்தார். இரண்டு மணி நேரம்தானே? போனின் வாயை அடைத்து, அலமாரியில் துவாலைகளுக்கு அடியில் வைத்தார். நாலு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தார். நாலு பத்துக்குப் புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்தது. எட்டு வாரத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கியது அப்போதுதான்.

எழுந்தபோது வெயில் வந்திருந்தது. கணவர் கையில் அவருடைய போனை வைத்துக்கொண்டு நின்றார். துவாலை எடுக்கப் போனவர் கண்டுபிடித்திருக்கிறார். அவர் எதுவும் கேலி பேசவில்லை. அதிலிருந்தே விஷயம் பெரியது என்று தெரிந்தது. பதினேழு அழைப்புகள்.

ஐந்து நாற்பது வண்டியின் டிரைவருக்கு வாந்தி. நாலு ஐம்பதிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். ஸ்பேர் டிரைவர்கள் ஆறு பேரும் டிப்போவில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மேடம் சொல்லாமல் ஸ்பேர் ஆள் சாவியைத் தொடக் கூடாது. இது மேடமே கொண்டுவந்த விதி. ஆறு டிரைவர்களும் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டிக்குள் ஐம்பது பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மருத்துவமனையில் ஷிப்ட் மாற்றப் போகும் நர்சுகள். முப்பத்தைந்து நிமிடம் வண்டி நின்றது. கடைசியில் மேலாளரை எழுப்பிச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மேடமும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

"உக்காருங்க. பதினாலு வருஷத்துல முதல் தடவை. அதனால நான் ஒரு வார்னிங்கோட விட்டுடுவேன்" என்றார். பிறகு மேசை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "ஆனா ஹெட் ஆபீஸ்ல ஒண்ணு சொல்வாங்க மேடம். மெஷின் தூங்காதுன்னு சொல்வாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மேடம் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். வெளியே வந்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. டயர் கிடங்குக்கு அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. கண்டக்டர் ஒருவர் நனைந்த குடை ஒன்றை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். முந்நூற்று ஒன்று.

அன்றைய டிப்போ வழக்கத்துக்கு மாறாக மரியாதையாக இருந்தது. தேநீர் மேசையில் யாரும் அந்தப் பழைய வாசகத்தை நினைவூட்டவில்லை. கேலி பேசத் தயாராக இருந்த இரண்டு மெக்கானிக்குகளை ஸ்டோர் கீப்பர் ஒரு வேலையும் இல்லாமல் ஸ்பானர் தேட அனுப்பிவிட்டார். மாலையில் வீட்டுக்குப் போன மேடம் அலமாரிக் கதவின் முன் நின்றார். நான்கு நிறம், நூற்றுக்கணக்கான அம்புகள், எல்லா அம்பும் ஒரே பக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுத இடமில்லாமல், ஓரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

"ஏங்க, இதைப் பிடிங்க" என்றார். கணவர் ஒரு முனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தாளைக் கழற்றினார்கள். மகள் தள்ளி நின்று பார்த்தாள். சத்தம் போடவில்லை. அந்த வரியை அவள் மதித்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஸ்டோர் கீப்பர் ரிஜிஸ்டருக்காக வந்தார். வழக்கமாக மேடம் அதை மேசை விளிம்புக்குத் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அன்று அவர் முகத்தைப் பார்த்தபடியே கையில் கொடுத்தார். ரிஜிஸ்டரின் மேல் ஒரு வெற்றுச் சார்ட் தாள் இருந்தது. ஸ்கேல் வைத்து மூன்று வாரத்துக்குக் கட்டம் போட்டிருந்தது. கட்டங்களுக்குள் எதுவும் இல்லை. இடது ஓரத்தில், டிரைவர்களின் பெயர் வருகிற இடத்தில், மேடம் தன் பெயரை எழுதியிருந்தார்.

ஸ்டோர் கீப்பர் தாளைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அந்த எட்டுச் சாட்சிகள் எதிரே சொல்லப்பட்ட வாசகம் இருவருக்கும் நடுவே வந்து நின்றிருக்க வேண்டும். அவர் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கணக்கு எப்படி?" என்றார்.

"கணக்கு வரும். அந்தப் 'போதுமா போதாதா'தான் வரல. மொழி சுமார்."

"காலையில போன் எத்தனை மணிக்கு நிக்கும்?"

"ஆறுக்கு."

"அப்ப ஆறு வரைக்கும் படிக்கிறதை மறந்துடுங்க. ஷிப்டை மத்தியானத்துக்கு மாத்திடறேன். காலையில ஏழுலேர்ந்து பத்து படிங்க. மூணு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது." அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "நடக்காதது நடக்காததுதான். தள்ளி வைக்கக் கூடாது. சம்மதமா?"

"எழுதுங்க சார்" என்றார் மேடம்.

அவர் மேடத்தின் மேசையில், மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தே எழுதினார். மேடம் பக்கத்தில் நின்றார். கையெழுத்து அன்றும் கோழி கிளறியதுதான். திங்களை எழுதினார், செவ்வாயை எழுதினார். ஒரு கட்டத்தில் பென்சிலை எச்சில் தொட்டு அழுத்தினார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தார். முதல் ஞாயிறு, 'ஓய்வு'. இரண்டாவது ஞாயிறு, 'ஓய்வு'. மூன்றாவது ஞாயிறுதான் பரீட்சை. அதில் 'ட்யூட்டி, காலை எட்டரை. ஸ்பேர் இல்லை' என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

அவர் போன பிறகு மேடம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வியாழன் கட்டம் கோணலாக இருந்தது. நிறம் இல்லை. ஞாயிறு இரண்டும் வெறும் ஒற்றைச் சொல்லோடு காலியாகக் கிடந்தன; ஒரு பாடமாவது வைக்கலாம், தாராளமாக இடம் இருந்தது. கை பழக்கத்தில் ரப்பரை எடுத்தது.

கொஞ்ச நேரம் அதை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ரப்பரை உள்ளே போட்டு, மூடினார். தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.